அறிவியல் மிகுபுனைவு நாவலை விமர்சிப்பது எப்படி, யாருக்குப் பரிந்துரைப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

விண்கலமும் மந்திரவாதியும் ஒரே அத்தியாயத்தில் வருகிற நாவல்களுக்கு எழுதப்படும் விமர்சனங்கள் பெரும்பாலும் இரண்டே விதமாகத்தான் முடிகின்றன. ஒன்று, 'அறிவியல் துளியும் ஒட்டவில்லை' என்ற குறை. இல்லையென்றால் 'உலகத்தைப் பிரமாதமாகக் கட்டியிருக்கிறார்' என்ற பாராட்டு. இரண்டையும் படித்துவிட்டு, சரி, இந்தப் புத்தகத்தை நான் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தால் பதில் கிடைக்காது.

என் கட்சி இதுதான்: அறிவியல் மிகுபுனைவில் வாசகருக்கு முதலில் தெரிய வேண்டியது, இந்தப் புத்தகம் எதையெல்லாம் விளக்கும், எதையெல்லாம் விளக்காமலே விட்டுவிட்டுப் போகும் என்பது. நல்ல நாவலைப் பாதியில் மூடி வைப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், கதை பிடிக்காமல் மூடியவர்களைவிட, எதிர்பார்த்த விளக்கம் கடைசிவரை வராததால் மூடியவர்களும், வேண்டாத இடத்தில் விளக்கம் வந்து மாயம் கலைந்துபோனதால் மூடியவர்களும்தான் அதிகம் தட்டுப்படுவார்கள். விமர்சனம் எழுதுகிறவர் இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலை எப்படி என்று பார்ப்போம்.

முதல் படி: இது என்ன மாதிரிக் கலவை?

அட்டையில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்பதை நம்பாதீர்கள். ஆன் மெக்காஃப்ரியின் முதல் டிராகன் கதை 1967-இல் வெளியானது, கறாரான அறிவியல் கதைகளுக்குப் பேர்போன 'அனலாக்' பத்திரிகையில். டிராகன் சவாரி செய்கிறவர்களின் கதை அங்கே எப்படி வந்தது என்றால், அடியில் இருந்தது வேறொரு கோளில் குடியேறிய மனிதர்களின் கதை. அட்டைப் படத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

நான் பார்த்தவரை நாலு கலவைகள் உண்டு. மேலே மாயம், அடியில் அறிவியல் என்பது ஒன்று. மெக்காஃப்ரி அதில் சேருவார். காலம் மிகத் தள்ளிப்போய், பழைய அறிவியலே மக்களுக்கு மாயமாகிப்போன உலகம் என்பது இன்னொன்று. ஜாக் வான்ஸின் 'தி டையிங் எர்த்' (1950) அணையப்போகும் சூரியனுக்குக் கீழே நடக்கிறது. அதற்குப் பிறகு வந்த அந்த மாதிரிக் கதைகள் அத்தனைக்கும் வாசகர்கள் அந்தத் தலைப்பையே வகைப் பெயராக வைத்துவிட்டார்கள். மூன்றாவது, இரண்டும் உண்மை, இரண்டும் அக்கம்பக்கத்தில் இருக்கும், யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல மாட்டார்கள்: டாம்சின் மியூரின் 'கிடியன் தி நைன்த்' (2019) நாவலில் பிணங்களை ஆட்டுவிக்கிற மந்திரக்காரர்கள் விண்கலத்தில் பயணம் செய்கிறார்கள், அவ்வளவுதான், அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. நான்காவது, மாயத்தையே ஓர் அறிவியல் துறைபோல நடத்துவது. யூன் ஹா லீயின் 'நைன்ஃபாக்ஸ் கேம்பிட்' (2016) நாவலில் ஒரு பேரரசின் ஆயுதங்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் மக்கள் ஒரு குறிப்பிட்ட நாட்காட்டியைக் கடைப்பிடிக்க வேண்டும்; நாட்காட்டியை மாற்றினால் ஆயுதமும் செயலிழந்துபோகும். கணிதம் தெரிந்த ஒருவர்தான் அங்கே போர்க்களத்தில் ஆபத்தான ஆள்.

உங்கள் கையில் இருக்கும் நாவல் இதில் எது, அல்லது எந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று உங்களுக்காக ஒரு வரி எழுதி வையுங்கள். அதை அப்படியே வெளியிடலாமா என்பது பிறகு ஸ்பாய்லர், அதாவது கதையின் ரகசியத்தை முன்கூட்டியே போட்டு உடைப்பது, பற்றிப் பேசும்போது வரும்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் புலம்பல். ஆர்தர் சி. கிளார்க்கின் மூன்றாம் விதி, அதுதான், மிக முன்னேறிய தொழில்நுட்பத்தை மாயத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்ற வாசகம், 1973-இல் அவருடைய கட்டுரை நூலின் திருத்திய பதிப்பில் வந்தது. அன்றிலிருந்து இந்த வகை நாவல் எதைப் பற்றி எழுதினாலும் இதை முதல் வரியில் ஒட்டிவிடுகிறார்கள். அது மேலே சொன்ன முதல் இரண்டு கலவைக்குத்தான் பொருந்தும். மற்ற இரண்டில் தொழில்நுட்பம் மாயம்போலத் தோன்றுவதில்லை, மாயம் மாயமாகவே இருக்கிறது. பொருந்தாத இடத்தில் அதை எழுதினால் நாவலைத் தவறாகப் படித்துவிட்டீர்கள் என்று உங்கள் முதல் வரியே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் படி: குழப்பத்தை அப்போதே எழுதி வையுங்கள்

படித்து முடித்த பிறகு விமர்சனம் எழுத உட்காரும்போது உங்களுக்கு அந்த உலகம் அத்துப்படியாகிவிட்டிருக்கும். முதல் 50 பக்கத்தில் எந்தப் பெயர் ஊர், எது பட்டம், எது கருவி என்று தெரியாமல் தடுமாறியது மறந்தே போயிருக்கும். ஆனால் உங்கள் விமர்சனத்தைப் படிக்கிறவர் நிற்பது அந்த முதல் பக்கத்தில். அதனால் தடுமாறும்போதே குறித்துக்கொள்ள வேண்டும், 'பக்கம் 32, இன்னும் யார் பக்கம் யார் என்று புரியவில்லை, ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை' என்கிற அளவுக்குப் போதும். கடைசிப் பக்கத்தில் எழுதும் எந்த வரியையும்விட இந்தக் குறிப்பு வாசகருக்குப் பயன்படும்.

குறிப்பெடுக்க மூன்று அடையாளங்கள் எனக்குப் போதுமானதாக இருக்கின்றன. 'இது முடியும், இது முடியாது' என்று நாவல் சொல்கிற இடங்களில் 'விதி'. இதற்குப் பதில் வேண்டுமே என்று தோன்றும் இடத்தில் 'கேள்வி'. நாவல் தான் சொன்ன விதியைத் தானே மீறுவதாகப் படும் இடத்தில் 'உடைப்பு'. முடித்த பிறகு 'கேள்வி' எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, எத்தனைக்குப் பதில் வந்தது, எத்தனை வேண்டுமென்றே திறந்து விடப்பட்டது, எத்தனையை எழுத்தாளர் மறந்தேபோனார் என்று பிரித்தால் விமர்சனத்தின் நடுப்பகுதி தானாகவே கிடைத்துவிடும். 'உடைப்பு' என்று குறித்த இடங்களில் நிறைய, பின்னால் வருகிற ஒரு வெளிப்பாட்டினால் சரியாகிவிடும். ஆகவே பாதியில் ஆத்திரப்பட்டு எதையும் பதிவிடாதீர்கள்.

ரசிகர்கள் நடத்தும் விக்கிப் பக்கங்களைப் படித்து முடிக்கும்வரை திறக்கவே கூடாது. ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கப் போனால் அந்தக் கதாபாத்திரம் எந்தப் பாகத்தில் இறக்கிறது என்பது முதல் வரியிலேயே இருக்கும். புத்தகத்தின் பின்னால் சொற்பட்டியல் இருந்தால், ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' (1965) மாதிரி, அதைப் பார்க்காமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பாருங்கள். எத்தனை தடவை பின்னால் புரட்ட வேண்டியிருந்தது என்பதே சொல்லத் தக்க தகவல்.

மூன்றாம் படி: விதிகளைச் சோதிப்பது

மந்திரத்துக்கு விதி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை இன்னும் கூர்மையாக வைத்தார்: ஒரு சிக்கலை மாயத்தால் தீர்த்து வாசகரைத் திருப்திப்படுத்த எழுத்தாளரால் எவ்வளவு முடியும் என்பது, அந்த மாயம் வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதில் கவனிக்க வேண்டியது, மாயத்தை விளக்கியே ஆக வேண்டும் என்று இது சொல்லவில்லை. விளக்காத மாயத்தைக் கொண்டு வில்லனை வீழ்த்தாதே என்றுதான் சொல்கிறது. விளக்காத மாயம் பயமுறுத்தலாம், சிக்கலை உண்டாக்கலாம், அழகாகவும் இருக்கலாம்.

ஆகவே 'மந்திர முறை தெளிவாக இல்லை' என்று எழுதுவதற்கு முன்னால் கேட்டுப் பாருங்கள்: உச்சக்கட்டம் எதனால் தீர்ந்தது? கதாபாத்திரம் எடுத்த முடிவினாலா, அது கொடுத்த விலையினாலா, அல்லது அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு சக்தி திடீரென்று விழித்துக்கொண்டதாலா? மூன்றாவது என்றால் குறை சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அறிவியல் மிகுபுனைவில் இந்தக் குறை கொஞ்சம் மாறுவேடத்தில் வரும், 'புராதன இயந்திரம்' என்ற வேடத்தில். மண்ணுக்கடியில் ஆயிரம் வருடமாகக் கிடந்த ஏதோ ஒரு கருவி சரியான நேரத்தில் உயிர்பெற்று எல்லாவற்றையும் முடித்துவைக்கும். கருவி என்று பெயர் வைத்ததால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

விலை என்ன என்பதையும் பாருங்கள். என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015) நாவலில் நிலநடுக்கத்தை அடக்கவும் உண்டாக்கவும் முடிகிற மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தச் சக்தி சுற்றிலும் இருக்கிற வெப்பத்தை உறிஞ்சும், பக்கத்தில் நிற்பவர் உறைந்து சாகலாம். சக்திக்கான விலை இயற்பியல் மாதிரியே இருக்கிறது, ஆனால் அந்த விலையைக் கொண்டு கதை பேசுவது அடிமைத்தனத்தைப் பற்றி: இவ்வளவு ஆபத்தானவர்களைச் சமூகம் எப்படிப் பயன்படுத்திக்கொண்டே வெறுக்கிறது என்று. இந்த மாதிரி இணைப்பைக் கண்டுபிடித்து எழுதினால் அது விமர்சனம். 'மேஜிக் சிஸ்டம் 9/10' என்பது மதிப்பெண் அட்டை.

அறிவியல் தவறு என்று எப்போது சொல்லலாம்

நாவல் எதை வாக்களித்ததோ அதை வைத்துத்தான் கேட்க முடியும். சுற்றுப்பாதைக் கணக்கும் எரிபொருள் அளவும் சொல்லி ஆரம்பிக்கிற நாவல், நூறாம் பக்கத்தில் அதே கணக்கைக் கோட்டைவிட்டால் கேளுங்கள். வாளோடு செவ்வாய்க்குப் போய் இறங்குகிற நாவலிடம் ஆக்சிஜன் எங்கே என்று கேட்பது வீண்.

பழைய நாவல்களில் இன்னொரு வேறுபாடும் உண்டு: தவறான அறிவியல் வேறு, காலாவதியான அறிவியல் வேறு. எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க் கதை 1912-இல் தொடராக வந்து 1917-இல் புத்தகமானது. செவ்வாயில் கால்வாய்கள் இருக்கின்றன, அவற்றை வெட்டியவர்கள் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் ஒரு பழைய நாகரிகத்தினர் என்று வானியலாளர் பெர்சிவல் லோவல் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மற்ற வானியலாளர்கள் பலர் ஏற்கவில்லை என்றாலும் பொதுமக்களிடம் அந்தக் கருத்து நன்றாகவே பரவியிருந்தது. 1965-இல் மரினர் 4 விண்கலம் அருகே பறந்து படம் எடுத்தபோதுதான் பள்ளங்கள் நிறைந்த வெறும் நிலம் தெரிந்தது. ஆக, பரோஸ் வறண்ட கடல்களையும் கால்வாய்களையும் எழுதியது அன்றைய பேச்சிலிருந்து எடுத்தது. கதாநாயகன் செவ்வாய்க்குப் போகும் விதம் இருக்கிறதே, ஒரு குகையில் உடலைக் கீழே போட்டுவிட்டு ஏதோ ஒரு சக்தியால் இழுக்கப்பட்டுப் போகிறான், அது அன்றைக்கும் அறிவியல் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'பழைய காலத்து அபத்தம்' என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

பழைய நாவல்களில் பெண்களையும் பிற இனத்தவரையும் காட்டியிருக்கும் விதம் உறுத்தினால் அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். 'அந்தக் காலம் அப்படி' என்று சமாதானம் சொல்வது உங்கள் வேலையில்லை, இன்றைக்குப் படிக்கப்போகிறவருக்குத் தெரிவிப்பதுதான் வேலை.

மொழி, பாத்திரம், கதைசொல்லி

பாத்திரப் படைப்பைப் பற்றி இந்த வகைக்கென்று தனியாகச் சொல்ல அதிகமில்லை. எந்த நாவலுக்கும் பார்ப்பதைத்தான் இங்கேயும் பார்ப்பீர்கள். உரையாடலில் பாடம் நடத்துகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள், 'நம் பேரரசு 300 வருடத்துக்கு முன்னால் தோன்றியது உனக்குத் தெரியும்தானே' என்று ஒரு ராணுவத் தளபதி இன்னொரு தளபதியிடம் சொன்னால் அது வாசகருக்காகப் பேசியது.

மொழி கொஞ்சம் வேறு விஷயம். விசித்திரமான சொல்லைப் பார்த்ததும் 'எழுத்தாளர் இஷ்டத்துக்குச் சொல் கண்டுபிடிக்கிறார்' என்று எழுதிவிடாதீர்கள். ஜீன் வுல்ஃபின் 'தி ஷேடோ ஆஃப் தி டார்ச்சரர்' (1980) முழுக்க அகராதியை உருள வைக்கும் சொற்கள், ஆனால் அவை அவர் கண்டுபிடித்தவை அல்ல, வழக்கொழிந்துபோன பழைய சொற்கள். மிகத் தொலைவான எதிர்காலத்தின் மொழியிலிருந்து மொழிபெயர்த்ததாக ஒரு பாவனை, அதற்காகப் பழைய சொற்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். அதே நாவலில் கதையைச் சொல்கிறவன் தனக்கு எதுவுமே மறக்காது என்று அடித்துச் சொல்கிறான். அப்படிச் சொல்கிறவனை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். இப்படிப்பட்ட புத்தகத்தை ஒரு தடவை படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதினால், 'இது முதல் வாசிப்பில் தோன்றியது' என்று ஒரு வரி சேர்ப்பது நேர்மை.

ஸ்பாய்லர்: இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

துப்பறியும் நாவலில் கொலையாளி யார் என்பதைச் சொல்லாவிட்டால் போதும். அறிவியல் மிகுபுனைவில் ஸ்பாய்லர் அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் பல நாவல்களில் அது என்ன வகை என்பதே ரகசியம். 'தொலைதூர எதிர்காலத்தில் நடக்கும் அருமையான மிகுபுனைவு' என்று நீங்கள் பாராட்டி எழுதிய வரியிலேயே, கதையில் இடைக்கால ராஜ்யமாகத் தெரிவது உண்மையில் எதிர்காலம் என்று வாசகர் 200 பக்கம் தாண்டித் தானே கண்டுபிடிக்க வேண்டியது போய்விடும்.

எனக்குத் தெரிந்து ஓரளவு வேலை செய்கிற வழி, 'யார் முதலில் சொன்னது' என்று பார்ப்பது. எழுத்தாளரே முன்னுரையில் சொல்லிவிட்டாரா? மெக்காஃப்ரியின் 'டிராகன்ஃப்ளைட்' (1968) ஆரம்பத்திலேயே, எந்த நட்சத்திரம், எத்தனையாவது கோள், மனிதர்கள் அங்கே குடியேறியவர்கள் என்று முன்னுரை சொல்லிவிடுகிறது. அப்புறம் அதை நீங்கள் சொல்வதில் தவறே இல்லை; சொல்லாவிட்டால்தான் தப்பு, அறிவியல் பிரியர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஆனால் அந்த முதல் குடியேற்றம் எப்படி நடந்தது, யார் யார் என்ன செய்தார்கள் என்ற முழுக்கதை 1988-இல் வந்த வேறொரு நாவலில்தான் இருக்கிறது. அதை முதல் புத்தகத்தின் விமர்சனத்தில் கொட்ட வேண்டிய அவசியமில்லை.

முன்னுரை இல்லையென்றால் பின்னட்டை. பின்னட்டையும் சொல்லவில்லையென்றால் முதல் கால்வாசி. நாவலின் முதல் 25 சதவீதத்துக்குள் வெளிப்படையாக வந்துவிடும் எதையும் சொல்லலாம், அதற்குப் பிறகு வருவதை வாசகரிடமே விட்டுவிடலாம். இது கல்வெட்டு விதி இல்லை. சில நாவல்களில் பத்தாவது பக்கத்திலேயே ஒரு திருப்பம் வந்து அதுதான் மொத்தச் சுவையும், அங்கே நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

திருப்பத்தைச் சொல்லாமல் அதன் குணத்தைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது: தகவலைச் சொல்லாமல் விளைவைச் சொல்வது. 'நடுப்பகுதிக்குப் பிறகு மாயத்துக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. விளக்கம் வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குப் பெரிய திருப்தி, வேண்டாதவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.' எந்த விளக்கம் என்று சொல்லவில்லை, ஆனால் முடிவெடுக்கத் தேவையானது கிடைத்துவிட்டது. 'ஒரு பயங்கர ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்' என்று எழுதுவது இதற்கு நேர்மாறு, அதைப் படித்தவர் ஒவ்வொரு பக்கத்திலும் ட்விஸ்ட்டைத் தேடிக்கொண்டே போய்க் கதையைத் தவறவிடுவார்.

மனதைப் பாதிக்கும் விஷயங்களுக்கான எச்சரிக்கையை ஸ்பாய்லர் என்று நினைத்து மறைக்காதீர்கள். 'தி ஃபிஃப்த் சீசன்' ஒரு குழந்தையின் மரணத்தோடுதான் தொடங்குகிறது. சமீபத்தில் இழப்பைச் சந்தித்த ஒருவரிடம் அதைச் சொல்லாமல் புத்தகத்தைக் கையில் கொடுப்பது நியாயமில்லை.

எழுதும் படி

கதைச் சுருக்கத்துக்கு ஒரு பத்தி, அதிகபட்சம் ஒன்றரை. அதற்கு மேல் போனால் நீங்கள் விமர்சிக்கவில்லை, மறுபடி சொல்கிறீர்கள். உதாரணத்துக்கு இல்லாத ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம்: கடலுக்கடியில் ஒரு நகரம், அங்கே இறந்தவர்களின் குரல்கள் உப்புப் பாறைகளில் தங்கியிருக்கின்றன, அவற்றை எழுப்பத் தெரிந்த ஒரு பெண், பின்பாதியில் அந்தப் பாறைகள் யாரோ விட்டுச்சென்ற நினைவகக் கருவிகள் என்று தெரியவருகிறது.

சாதாரணமாக இப்படி எழுதுவார்கள்: 'கடலடி நகரத்தில் வாழும் நாயகி இறந்தவர்களோடு பேசுகிறாள். உலகக் கட்டமைப்பு மிக அருமை. பாத்திரங்கள் உயிரோட்டம். நடுவில் கொஞ்சம் தொய்வு. கடைசியில் வரும் அறிவியல் திருப்பம் எதிர்பாராதது. கட்டாயம் படிக்க வேண்டிய நாவல்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தலைப்பை மாற்றினால் வேறு எந்த நாவலுக்கும் பொருந்தும், போதாக்குறைக்குத் திருப்பம் அறிவியல் சார்ந்தது என்பதையும் போட்டு உடைத்தாயிற்று.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'இறந்தவர்கள் பாறையிலிருந்து பேசுகிறார்கள், ஆனால் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்வார்கள், ஒரு பாறையை மூன்று தடவைதான் எழுப்ப முடியும். இந்த இரண்டு விதிகளை வைத்தே நாவல் 400 பக்கம் ஓடுகிறது. நாயகி தன் அம்மாவின் பாறைக்கு முன்னால் கடைசிக் கேள்வியை வீணாக்கும் இடம் அதனால்தான் வலிக்கிறது. பாறைகள் ஏன் பேசுகின்றன என்பதற்குப் பதில் வருகிறது, கொஞ்சம் அவசரமாக. முதல் 60 பக்கம் நகரத்தின் சாதி அடுக்குகள் பிடிபடாமல் தவித்தேன்.' எது விதி, எது விலை, விளக்கம் கிடைக்குமா, எங்கே சிரமம் என்று நாலும் வந்துவிட்டது. படித்தவர் இனி முடிவெடுக்கலாம்.

ஸ்டார் கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உங்கள் 3 என்ன, 4 என்ன என்று ஒரு இடத்தில் எழுதி வைத்து அதிலேயே நில்லுங்கள். எழுத்தாளரோ பதிப்பாளரோ இலவசமாக அனுப்பிய பிரதி என்றால், எழுத்தாளர் தெரிந்தவர் என்றால், முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், அடியில் சின்ன எழுத்தில் போடாதீர்கள். பாதியில் நிறுத்திய புத்தகத்தைப் பற்றியும் எழுதலாம், எத்தனையாவது பக்கத்தில் எதனால் நிறுத்தினீர்கள் என்று எழுதினால் அது நல்ல விமர்சனம்தான். ஸ்டார் மட்டும் கொடுக்காதீர்கள்.

பல பாகங்கள் என்றால் மூன்று தகவல் கட்டாயம்: தொடர் முடிந்துவிட்டதா, இந்தப் பாகம் தனியாக நிற்குமா, கடைசியில் அந்தரத்தில் விடுகிறதா. வுல்ஃபின் அந்த நாவல் நாலு பாகமாக வந்த ஒரே கதையின் முதல் பாகம், 1983-இல் நாலாவது பாகம் வந்து முடிந்தது. முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டு 'முடிவே இல்லை' என்று குறை சொன்னால் அது புத்தகத்தின் குற்றமல்ல. இரண்டாம் பாகத்துக்கு எழுதும்போது முதல் பாகத்தின் முடிவைத் தலைப்பிலோ முதல் இரண்டு வரியிலோ வைக்காதீர்கள், பகிரும்போது அந்த வரிகள்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

பரிந்துரை: புத்தகத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்

விமர்சனம் பொதுவில் எழுதுவது. பரிந்துரை ஓர் ஆளுக்குச் சொல்வது. நல்ல விமர்சகர்கள் பலர் மோசமாகப் பரிந்துரைக்கிறார்கள், காரணம் தங்களுக்குப் பிடித்ததை எல்லோர் தலையிலும் கட்டுவது. விருது வாங்கியது என்பதும் காரணமாகாது. 'தி ஃபிஃப்த் சீசன்' தொடங்கி ஜெமிசினின் மூன்று பாகங்களும் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று வருடம், அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருது வாங்கின, அப்படியொரு சாதனை அதற்கு முன் யாருக்கும் இல்லை. ஆனால் அதில் கணிசமான பகுதி 'நீ' என்று வாசகரை முன்னிலையில் வைத்துச் சொல்லப்படுகிறது, அது சிலருக்கு நாலு பக்கத்துக்கு மேல் தாங்காது.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கடைசியாக ஒரே மூச்சில் முடித்த புத்தகம் எது? கடைசியாகப் பாதியில் நிறுத்தியது எது, எந்த இடத்தில்? இரண்டாவது கேள்வியின் பதில்தான் தங்கம், பிடித்ததைச் சொல்லும்போது மனிதர்கள் கொஞ்சம் பெருமைக்காகச் சொல்வார்கள், நிறுத்தியதைப் பற்றிப் பேசும்போது உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அப்புறம், ஒரு படத்திலோ விளையாட்டிலோ ஏதாவது விளக்கமில்லாமல் விடப்பட்டால் உடனே தேடிப் படிப்பீர்களா, இல்லை அப்படியே விட்டால்தான் பிடிக்குமா? எதைப் படிக்கவே முடியாது என்று ஏதாவது உண்டா? இவ்வளவு போதும்.

விளக்கம் தேடுகிறவர், அறிவியல் கதைப் பழக்கம் உள்ளவர் என்றால் மெக்காஃப்ரி மாதிரி, அடியில் தரை இருக்கிற நாவலில் ஆரம்பிக்கலாம். மாயக் கதைகளிலேயே வளர்ந்தவர், துக்கமும் கோபமும் தாங்குவார் என்றால் ஜெமிசின். புதிர் போடுவது பிடிக்கும், முதல் நூறு பக்கம் ஒன்றும் புரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டே போவேன் என்பவருக்கு யூன் ஹா லீ. ஒரு புத்தகத்தை மூன்று தடவை படிக்கிற ஆள் என்றால் வுல்ஃப். அப்படி இல்லாதவரிடம் வுல்ஃபைக் கொடுத்து இந்த வகையின் உச்சம் இதுதான் என்று சொன்னால் அவர் இந்த வகைப் பக்கமே திரும்ப மாட்டார். நான் இதில் கொஞ்சம் பிடிவாதம்: முதல் புத்தகமாக வுல்ஃபை யாருக்கும் சொல்லவே மாட்டேன்.

தொடரில் மாட்டிக்கொள்ள விரும்பாதவர்களுக்கு ஒரே பாகத்தில் முடிகிற ரோஜர் ஜெலாஸ்னியின் 'லார்ட் ஆஃப் லைட்' (1967) உண்டு. 1968-இல் ஹியூகோ வாங்கியது. ஒரு கோளில் குடியேறிய மனிதர்களில் சிலர் தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு இந்துக் கடவுள்களாக வேடம் கட்டி ஆள்கிறார்கள், ஒருவன் புத்தரின் வேடத்தில் அவர்களை எதிர்க்கிறான். இதைப் பரிந்துரைக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதல் அத்தியாயம் காலவரிசையில் பிற்பாடு நடப்பது, அடுத்த அத்தியாயங்கள் பின்னோக்கிப் போகின்றன. இது தெரியாமல் குழம்பி நிறுத்தியவர்கள் உண்டு. இரண்டாவது, அந்தப் புராணங்களை அறிந்த வாசகருக்குப் பெயர்களை அடையாளம் காணும் குஷியும் இருக்கும், இவர் இதை இப்படியா எடுத்தாள்வார் என்ற எரிச்சலும் வரும். எது கூடுதலாக இருக்கும் என்று அந்த ஆளைத் தெரிந்த உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நேரத்தில் ஒரு புத்தகம், மிஞ்சிப்போனால் இரண்டு. 'படிக்க வேண்டிய 50' பட்டியலை அனுப்பினால் அதைச் சேமித்து வைப்பார்கள், படிக்க மாட்டார்கள். இரண்டு சொல்வதென்றால் வேறு வேறு கலவையில் சொல்லுங்கள், ஒன்றில் விளக்கம் உண்டு, மற்றதில் இல்லை என்று சொல்லியே கொடுங்கள். கூடவே எது வரைக்கும் படித்துப் பார்க்கலாம் என்று ஒரு எல்லையும் சொல்லுங்கள், 'மூன்றாம் அத்தியாயம் முடியும்போதும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடு, அதற்குப் பிறகு குணம் மாறாது' என்கிற மாதிரி. இப்படிச் சொன்னால்தான் அவர் குற்ற உணர்ச்சி இல்லாமல் நிறுத்துவார், நிறுத்தியதை உங்களிடம் மறைக்கவும் மாட்டார்.

அவர் நிறுத்திவிட்டார் என்றால் புத்தகத்துக்காக வாதாடாதீர்கள். 'இன்னும் நூறு பக்கம் போ, பிக்கப் ஆகும்' என்பது யாரையும் மாற்றியதில்லை. எந்தப் பக்கத்தில் நிறுத்தினார், அந்த இடத்தில் என்ன எதிர்பார்த்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் விமர்சனத்தில் இல்லாத தகவலாக இருந்தால், பதிவைத் திறந்து அந்த வரியைச் சேர்த்துவிட்டு, அடுத்த புத்தகத்தை அதற்கேற்ப மாற்றிச் சொல்லுங்கள்.